மடையை அடைத்தால் வாய்க்காலில் தண்ணீர் ஏறும்: ஹார்மோன் மாத்திரையின் 130 வருடக் கதை

1/
கொஞ்ச நாள் முன்னாடி கம்பம் பக்கத்துல இருந்து ஒரு அக்கா லேப் ரிப்போர்ட்டோட வந்தாங்க. வயசு நாற்பதைத் தாண்டியிருக்கும். மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிஞ்சு தினமும் டமாக்சிஃபென் மாத்திரை எடுத்துக்கிட்டு இருந்தவங்க. (அவங்க சம்மதத்தோடதான் எழுதுறேன். அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

2/
யாரோ சொன்னாங்கன்னு "ஃபுல் பாடி செக்கப்" எடுத்திருக்காங்க. அதுல எஸ்ட்ராடயால்ங்கிற ஹார்மோன் ரொம்ப அதிகம்னு சிவப்பு எழுத்துல இருக்கு. எஸ்ட்ராடயால்தான் ஈஸ்ட்ரோஜன் வகையிலேயே வீரியமானது.

"ஈஸ்ட்ரோஜன்தான் இந்த நோய்க்குத் தீனின்னு நீங்கதானே சொன்னீங்க டாக்டரம்மா? மாத்திரை தின்னும் அது ஏறித்தானே கெடக்கு. பெறகு எதுக்குத் திங்கணும்னு விட்டுட்டேன்."

எப்ப விட்டீங்க அக்கா?

"நாலு மாசம் ஆச்சு."

3/
இதுல தப்பு என்னோடது. மாத்திரை எழுதும்போது உடம்பு திடீர்னு சூடாகும், வேர்க்கும், மாதவிலக்கு தள்ளிப்போகும்னு எல்லாம் சொன்னேன். "ரத்தத்துல ஈஸ்ட்ரோஜன் ஏறலாம், பயப்படாதீங்க"ங்கிற ஒரு வரியைச் சொல்லல.

அவங்க கேட்டது முட்டாள்தனமான கேள்வியும் இல்ல. மருத்துவ உலகமே ரொம்ப காலம் அவங்களை மாதிரித்தான் யோசிச்சது. அந்தக் கதைதான் இந்த இழை. கொஞ்சம் நீளம். பொறுமையா வாங்க.

4/
கதை 1895-ல ஆரம்பிக்குது. கம்பம் பள்ளத்தாக்குல அந்த வருஷத்தை மறக்க மாட்டோம். அக்டோபர் 10-ம் தேதி, சென்னை மாகாண கவர்னர் வென்லாக் பிரபு பெரியாறு அணையைத் திறந்து வச்சார். மேற்கே அரபிக்கடலுக்குப் போன தண்ணியை, மலையைக் குடைஞ்சு பென்னிகுயிக் நம்ம பக்கம் திருப்பிவிட்ட வருஷம்.

5/
அதே வருஷம் ஜூன் 15. ஸ்காட்லாந்துல கிளாஸ்கோ நகரப் புற்றுநோய் மருத்துவமனை. 33 வயசுப் பெண், ரெண்டு குழந்தைகளுக்குத் தாய். மார்பகப் புற்றுநோய்க்கு ஏற்கனவே ஆபரேஷன் ஆகி, அதே இடத்துல நோய் திரும்ப வந்திருச்சு. இனி வெட்டி எடுக்க வழியில்லங்கிற நிலைமை.

அவங்களுக்கு ஜார்ஜ் பீட்சன்ங்கிற டாக்டர் ஒரு விசித்திரமான ஆபரேஷன் செஞ்சார். நோய் இருந்தது மார்புல. அவர் எடுத்தது ரெண்டு சினைப்பைகளையும்.

6/
இந்த பீட்சன் பிறந்த ஊர் எது தெரியுமா? நம்ம திருகோணமலை. 1848-ல அவரோட அப்பா அங்கே ராணுவ மருத்துவர்.

சரி, மார்பு நோய்க்கு வயித்துல ஆபரேஷன் பண்ணணும்னு அவருக்கு எப்படித் தோணுச்சு? மாடு சொல்லிக் கொடுத்தது.

7/
இளம் டாக்டரா இருந்தப்ப, மனநலம் குன்றிய ஒருத்தரைக் கவனிச்சுக்க ஸ்காட்லாந்தின் மேற்குப் பக்கம் ஒரு பண்ணைப் பகுதியில தங்கியிருந்தார். பக்கத்துல ஆட்டுப் பண்ணை. தாய்ப்பால் சுரப்பைப் பத்தித்தான் மேற்படிப்பு ஆய்வும் எழுதிக்கிட்டு இருந்தார். சில நாடுகள்ல, கன்னு போட்ட பசுவோட சினைப்பையை எடுத்துட்டா அது ரொம்ப காலம் பால் கறக்கும்னு விவசாயிகளுக்குத் தெரியும்ங்கிறதை அப்பதான் கேள்விப்பட்டார்.

8/
நம்ம ஊர்ல மாடு வச்சிருக்கிற யாருக்கும் இது ஆச்சரியமா இருக்காது. சினை முத்த முத்தப் பால் வத்தும்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா பீட்சன் அதுல இருந்து ஒரு படி மேல போனார். எங்கேயோ இருக்கிற சினைப்பை, எங்கேயோ இருக்கிற மார்பை ஆட்டி வைக்குதுன்னா, மார்புல வர்ற புற்றுநோயையும் ஏன் ஆட்டி வைக்கக் கூடாது?

9/
ஆபரேஷன் முடிஞ்சு எட்டு மாசத்துல அந்தப் பெண்ணோட கட்டிகள் கரைஞ்சு போச்சு. 1896 ஜூலைல லான்செட் இதழ்ல எழுதினார். அந்தப் பெண் மூணு வருஷத்துக்கு மேல உயிரோட இருந்தாங்க. கடைசியில நோய் திரும்பி வந்து இறந்தாங்க.

கவனிங்க, "ஹார்மோன்"ங்கிற வார்த்தையே அப்ப கிடையாது. அதை ஸ்டார்லிங் பயன்படுத்தினது 1905-ல. பேர் வைக்காத ஒரு பொருளை பீட்சன் நிறுத்திட்டார்.

நம்ம பக்கம் அணையைத் திறந்த வருஷம், அங்கே ஒருத்தர் அணையை மூடினார்.

10/
மத்த டாக்டர்களும் செஞ்சு பார்த்தாங்க. 1900 வாக்குல கணக்குப் பார்த்தா, மூணு பேர்ல ஒருத்தருக்குத்தான் பலன். மீதி ரெண்டு பேருக்கு ஆபரேஷன் வலி மட்டும்தான் மிச்சம். யாருக்குப் பலிக்கும்னு முன்கூட்டியே சொல்லவும் வழியில்ல. அதனால பலர் கைவிட்டாங்க.

11/
1920-களின் கடைசியில ஈஸ்ட்ரோஜனைச் சுத்தமாப் பிரிச்சு எடுத்தாங்க. அமெரிக்காவுல டாய்சி, ஜெர்மனியில பூட்டனாண்ட். ஓஹோ, சினைப்பையில இருந்து வர்றது இதுதானான்னு புரிஞ்சது. அதுக்கப்புறம் சிகிச்சைன்னாலே ஒரே யோசனைதான்: இந்த ஹார்மோனோட அளவை இறக்கு. இன்னும் இறக்கு.

12/
1950-கள்ல இது உச்சத்துக்குப் போச்சு. மாதவிலக்கு நின்ன பெண்களுக்கும் சிறுநீரகத்துக்கு மேல இருக்கிற அட்ரினல் சுரப்பியில இருந்து ஈஸ்ட்ரோஜனுக்கான மூலப்பொருள் வருதுன்னு, சார்ல்ஸ் ஹக்கின்ஸ் ரெண்டு அட்ரினலையும் எடுத்தார். ஸ்வீடன்ல மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரி சுரப்பியையே எடுத்தாங்க. அந்தப் பெண்கள் அதுக்கப்புறம் ஆயுசு முழுக்க கார்டிசோன் மருந்துலதான் வாழணும்.

அப்பவும் மூணுல ஒருத்தருக்குத்தான் பலன்.

13/
நம்ம அக்காவோட கேள்வி இங்கே இருந்துதான் வருது. "ஈஸ்ட்ரோஜன் கெட்டது, அளவு குறையணும், குறையலைன்னா மருந்து தோல்வி." அரை நூற்றாண்டுக்கு மேல டாக்டர்களும் இப்படித்தான் நினைச்சாங்க.

14/
இதை உடைச்சவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் எல்வுட் ஜென்சன். ஹார்மோன் எவ்வளவு இருக்குங்கிறதை விட்டுட்டு அது எங்கே போகுதுன்னு பார்த்தார். 1950-களின் பிற்பகுதியில, ஈஸ்ட்ரோஜன்ல லேசான கதிரியக்க அடையாளம் ஒட்டி எலிக்குச் செலுத்தினார். ரத்தம் போற இடமெல்லாம் அது போச்சு. ஆனா கருப்பை மாதிரி சில உறுப்புகள்ல மட்டும் தங்கிருச்சு.

15/
ஏன்னா அந்த செல்களுக்குள்ள ஈஸ்ட்ரோஜனைப் பிடிச்சுக்க ஒரு புரதம் இருக்கு. அதுக்குப் பேர் ரிசெப்டர், தமிழ்ல ஏற்பி. ஏற்பி இருக்கிற செல்லுக்குத்தான் ஈஸ்ட்ரோஜன் சொல்றது கேட்கும். ஏற்பி இல்லாத செல்லுக்கு எவ்வளவு ஈஸ்ட்ரோஜன் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்.

மூணுல ஒருத்தருக்கு மட்டும் ஏன் பலன்ங்கிற பழைய புதிருக்கும் இதுதான் பதில். உங்க பயாப்சி ரிப்போர்ட்ல "ஈஆர் பாசிட்டிவ்"னு இருக்குல்ல, அது இந்த ஏற்பியைத்தான் சொல்லுது.

16/
இப்ப இங்கிலாந்துக்கு வாங்க. 1960-களின் தொடக்கம். ஐசிஐங்கிற மருந்துக் கம்பெனி. ஆர்தர் வால்போல் தலைமையில ஒரு குழு கருத்தடை மாத்திரை தேடிக்கிட்டு இருக்கு. 1962-ல டோரா ரிச்சர்ட்சன்ங்கிற பெண் வேதியியலாளர் ஒரு பொருளைத் தயாரிச்சார். அதுக்கு வச்ச எண் 46,474. ஈஸ்ட்ரோஜன் உட்கார வேண்டிய ஏற்பியில இது போய் உட்கார்ந்துக்கும்.

17/
எலிகள்ல அருமையா கருத்தடை ஆச்சு. பெண்களுக்குக் கொடுத்தா தலைகீழ்! கருமுட்டை நல்லா வெளிவர ஆரம்பிச்சது. கர்ப்பத்தைத் தடுக்கக் கொண்டுவந்த மாத்திரை, கர்ப்பத்துக்கு உதவி பண்ணுது.

கருத்தடை மாத்திரையா அது படுதோல்வி. அந்த மாத்திரைதான் டமாக்சிஃபென். அக்காவோட ரிப்போர்ட்டுக்கு விடையும் இந்தத் தோல்விக்குள்ளதான் இருக்கு.

18/
இதை அக்காகிட்ட விளக்க ஆரம்பிச்சேன். "மூளையில ஹைப்போதலாமஸ்னு ஒண்ணு இருக்குக்கா. ரத்தத்துல ஈஸ்ட்ரோஜன் போதுமா இருக்கான்னு அது பார்த்துக்கிட்டே இருக்கும்..." அவங்க முகத்துல ஒண்ணும் ஏறல. ஒரு தாள்ல சினைப்பை, மூளை, அம்புக்குறி எல்லாம் வரைஞ்சேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

"மடையை அடைச்சா வாய்க்கால்ல தண்ணி ஏறும்ல, அதானே டாக்டரம்மா?"

19/
அதேதான். அவங்க வயல் ஆத்துப் பாசனம். எனக்கு வராத உவமை அவங்களுக்கு வந்துச்சு. இதுக்கு மேல அவங்க உவமையிலேயே சொல்றேன்.

சினைப்பை அணை. ரத்தம் வாய்க்கால். ஈஸ்ட்ரோஜன் தண்ணி. ஒவ்வொரு செல்லும் ஒரு வயல். ஏற்பிதான் வயலோட மடை.

டமாக்சிஃபென் அணையைத் தொடாது. புற்றுசெல்ங்கிற வயலோட மடையில போய் அடைச்சுக்கும். தண்ணி வாய்க்கால்ல ஓடும், வயலுக்குள்ள போகாது.

20/
அப்ப தண்ணி ஏன் கூடுது? மூளையிலும் ஒரு மடை இருக்கு. டமாக்சிஃபென் அதையும் அடைக்குது. கடைமடைக்காரர் மாதிரி மூளை சத்தம் போடுது: "எனக்குத் தண்ணியே வரல, இன்னும் திறந்து விடுங்க!" பிட்யூட்டரி அந்த உத்தரவை அணைக்கு அனுப்புது. அணை இன்னும் திறக்குது.

அதனால மாதவிலக்கு நிக்காத வயசுல டமாக்சிஃபென் எடுக்கிறவங்களுக்கு எஸ்ட்ராடயால் ரெண்டு மூணு மடங்குகூட ஏறலாம். அந்தக் காலத்துல கருமுட்டை வெளிவந்ததும் இதே காரணத்தாலதான்.

21/
"இவ்வளவு தண்ணி ஏறினா மடையை உடைச்சிட்டுப் போகாதா?"ன்னு அடுத்து கேட்டாங்க. நியாயமான கேள்வி.

தினமும் சாப்பிடும்போது டமாக்சிஃபென் ரத்தத்துல சேர்ந்துக்கிட்டே வந்து, எண்ணிக்கையில எஸ்ட்ராடயாலை விடப் பல நூறு மடங்கு நிக்கும். போதாததுக்கு கல்லீரல் அதை எண்டாக்சிஃபென்னு இன்னும் இறுக்கமா அடைக்கிற பொருளாவும் மாத்துது. மடை தாங்கும். ஆனா ஒரு நிபந்தனை: மாத்திரையைத் தினமும் சாப்பிடணும்.

22/
வெறும் கணக்கா இதைச் சொல்லல. 1971-ல மான்செஸ்டர் கிறிஸ்டி மருத்துவமனையில மேரி கோலும் சகாக்களும், நோய் முத்தின 46 பெண்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்த முடிவை வெளியிட்டாங்க. 10 பேருக்கு நல்ல பலன். எந்தச் சுரப்பியையும் வெட்டாம, ஒரு மாத்திரையில! 1973-ல பிரிட்டன்ல அனுமதி, 1977-ல அமெரிக்காவுல.

23/
வருஷக்கணக்கா கொடுத்தாத்தான் நோய் திரும்பாம தடுக்கும்னு எலிகள்ல காட்டினவர் கிரெய்க் ஜார்டன். அப்புறம் ஆக்ஸ்ஃபோர்ட் குழு உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2011-ல சொன்னது இது: ஈஆர் பாசிட்டிவ் பெண்கள் 5 வருஷம் டமாக்சிஃபென் எடுத்தா, அடுத்த 15 வருஷத்துல இந்த நோயால சாகிறது சுமார் மூணுல ஒரு பங்கு குறையுது.

ஒரு டீ விலைகூட ஆகாத மாத்திரை. நாலு மாசம் அக்கா நிறுத்தி வச்சது இதைத்தான்.

24/
நம்ம நாட்டுக்கும் இந்தக் கதையில பங்கு இருக்கு. லக்னோவுல மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்துல, நித்யா ஆனந்தும் சகாக்களும் இதே மாதிரி ஏற்பியில உட்காருற ஒரு கருத்தடை மருந்தைத் தேடினாங்க. இங்கிலாந்துல தோத்தது இங்கே ஜெயிச்சது. அதுதான் வாரம் ஒரு தடவை சாப்பிடுற செண்ட்குரோமன். 1991-ல "சகேலி"ங்கிற பேர்ல வந்தது.

25/
2016-ல இருந்து அரசு குடும்ப நலத் திட்டத்துல "சாயா"ங்கிற பேர்ல இலவசமா வருது. (குமுளி எல்லையில இருக்கிற நமக்கு சாயான்னா டீ. இந்தக் குழப்பம் இல்லாம கொடுத்த நர்ஸ் அக்காக்களுக்கு ஒரு வணக்கம்.)

ஒரு எச்சரிக்கை: சாயா டமாக்சிஃபெனோட பங்காளி. டமாக்சிஃபென்ல இருக்கிறவங்க கருத்தடைக்குன்னு அதையும் சேர்த்து எடுக்காதீங்க. வழக்கமான ஹார்மோன் கருத்தடை மாத்திரைகளும் வேண்டாம்.

26/
கருத்தடை எதுக்குன்னு கேட்கிறீங்களா? பதினேழாவது பதிவைத் திரும்பப் படிங்க. இது கருமுட்டையைத் தூண்டின மருந்து! மாதவிலக்கு வரலங்கிறதால கரு நிக்காதுன்னு நம்ப முடியாது. டமாக்சிஃபென் கருவுல இருக்கிற பிள்ளையைப் பாதிக்கும். அதனால காப்பர் டி இல்லைன்னா ஆணுறை அவசியம். இதையும் நான் சில பேர்கிட்ட சொல்லாம விட்டிருப்பேன். இனி விட மாட்டேன்.

27/
பீட்சன் பழசாகிட்டாரா? இல்ல. 1993-ல இருந்து 1999 வரை வியட்நாம், சீனாவுல மாதவிலக்கு நிக்காத 709 பெண்கள்கிட்ட ஒரு ஆய்வு நடந்தது. மார்பக ஆபரேஷனோட சினைப்பையையும் எடுத்து, டமாக்சிஃபெனும் கொடுத்தாங்க. 5 வருஷத்துல நோய் திரும்பாம இருந்தவங்க 75 சதவீதம். அந்தச் சிகிச்சை கிடைக்காதவங்கள்ல 58 சதவீதம்.

ஏழை நாட்டுக்கும் எட்டுற சிகிச்சை. இப்ப வெட்டாமலே, ஊசி போட்டும் அணையை மூடி வைக்கலாம். நோய் திரும்புற வாய்ப்பு அதிகம் இருக்கிற இளம் பெண்களுக்கு இது வேணும்.

28/
சரி, மாதவிலக்கு முழுசா நின்னவங்களுக்கு? அணை வத்திருச்சு. ஆனா வயலுக்கு வயல் போர்வெல் ஓடுது. அட்ரினல்ல இருந்து வர்ற மூலப்பொருளை, கொழுப்புத் திசுவுல இருக்கிற அரோமட்டேஸ்ங்கிற நொதி ஈஸ்ட்ரோஜனா மாத்துது. 1950-கள்ல அட்ரினலையே வெட்டி எடுத்தது இதுக்காகத்தான்.

29/
சுரப்பியை ஏன் வெட்டணும், மோட்டாரை நிறுத்தினா போதாதான்னு கேட்டவர் ஏஞ்சலா பிராடி. இங்கிலாந்துல பிறந்து அமெரிக்காவுல வேலை பார்த்த விஞ்ஞானி. 1970-கள்ல அரோமட்டேஸைத் தடுக்கிற மருந்தைக் கண்டுபிடிச்சார். அந்த வழியில வந்ததுதான் இன்னைக்கு எழுதுற லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல், எக்ஸிமெஸ்டேன்.

இந்த மாத்திரைகள்ல ஈஸ்ட்ரோஜன் அளவு நிஜமாவே அடிமட்டத்துக்கு இறங்கும். டமாக்சிஃபெனுக்கு நேர் எதிர்.

30/
அதனால ரெண்டு மாத்திரையையும் ஒரே மாதிரி நினைக்கக் கூடாது. டமாக்சிஃபென் மடையை அடைக்கும், அளவு ஏறலாம். லெட்ரோசோல் வகை மோட்டாரை நிறுத்தும், அளவு இறங்கணும்.

ஆனா அணை உயிரோட இருக்கிற பெண்ணுக்கு மோட்டாரை மட்டும் நிறுத்தினா? மூளை சத்தம் போடும், அணை திறக்கும். லெட்ரோசோலை குழந்தைப்பேறு சிகிச்சையில கருமுட்டை தூண்டக் கொடுக்கிறது இதனாலதான். அதனால இளம் பெண்ணுக்கு லெட்ரோசோல் கொடுக்கணும்னா, முதல்ல அணையை மூடியாகணும்.

31/
இங்கே ஒரு பொறி இருக்கு. கீமோவுக்கு அப்புறம் நாற்பது வயசுப் பெண்ணுக்கு மாதவிலக்கு நிக்கும். "மெனோபாஸ் ஆயிருச்சு"ன்னு நினைச்சு மாத்திரையை மாத்திட்டா, சில மாசம் கழிச்சு சினைப்பை முழிச்சுக்கலாம். ஊசி போட்டவங்கள்லயும் சில பேருக்கு, அதுவும் சின்ன வயசுக்காரங்களுக்கு, அணை முழுசா மூடாம கசியும்.

ஈஸ்ட்ரோஜன் அளவைப் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

32/
அதுலயும் எந்த டெஸ்ட்ங்கிறது முக்கியம். சாதாரண லேப் டெஸ்ட், மாதவிலக்கு வர்ற பெண்களோட பெரிய அளவுகளுக்காக உண்டானது. லெட்ரோசோல்ல இருக்கிறவங்களோட மிகச் சின்ன அளவை அதால சரியா அளக்க முடியாது. லாரி எடை போடுற மேடையில ஏலக்காய் நிறுக்கிற மாதிரி. அதுக்கு மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையில செய்யற டெஸ்ட் வேணும்.

33/
இன்னொண்ணு. எக்ஸிமெஸ்டேன் மாத்திரையும், ஃபுல்வெஸ்ட்ரான்ட் ஊசியும் ஈஸ்ட்ரோஜனோட சாயல்ல இருக்கிறதால, சாதாரண டெஸ்ட் அவற்றையே ஈஸ்ட்ரோஜன்னு எண்ணிப் பொய்யா அதிகம் காட்டலாம். அந்தப் பொய் எண்ணை நம்பி சினைப்பையை எடுக்கிற வரைக்கும்கூட முடிவுகள் போகலாம். அதனால எந்த மருந்துல இருக்கீங்கன்னு லேப்ல சொல்லுங்க. முடிவை உங்க கேன்சர் டாக்டர்தான் படிக்கணும்.

34/
சுருக்கமா:

டமாக்சிஃபென் மட்டும் எடுக்கிறீங்களா? மருந்து வேலை செய்யுதான்னு பார்க்க ஈஸ்ட்ரோஜன் டெஸ்ட் தேவையில்ல. செக்கப் பேக்கேஜ்ல தானா வந்து ஏறியிருந்தாலும் மாத்திரையை நிறுத்தாதீங்க.

லெட்ரோசோல் வகையில இருக்கும்போது திரும்ப மாதவிலக்கு வந்தா, அன்னைக்கே டாக்டர்கிட்ட சொல்லுங்க.

35/
மாதவிலக்கு நின்ன பிறகு டமாக்சிஃபென்ல இருக்கும்போது ரத்தப்போக்கு வந்தா உடனே காட்டணும். கருப்பையின் உள்சுவர்ல இந்த மருந்து மடையை அடைக்காம கொஞ்சம் திறந்து விடும். கால் ஒண்ணு மட்டும் வீங்கி வலிச்சாலும் வாங்க, ரத்தக்கட்டு இருக்கலாம்.

மன அழுத்த மருந்து எடுக்கிறவங்க பேரைச் சொல்லுங்க. பராக்ஸெடின், ஃபுளூஆக்ஸெடின் ரெண்டும் எண்டாக்சிஃபென் உருவாகிறதைத் தடுக்கும். மாத்து மருந்து இருக்கு.

36/
குழந்தை வேணும்னு நினைக்கிற பெண்களும் மனசை விட வேண்டாம். 18 முதல் 30 மாசம் ஹார்மோன் சிகிச்சை முடிச்சு, டாக்டர் மேற்பார்வையில இடைவெளி விட்டு கர்ப்பமானவங்களைப் பத்தின ஆய்வு 2023-ல வந்தது. குறுகிய காலத்துல நோய் திரும்புறது கூடல. ஆனா அது திட்டம் போட்டு விட்ட இடைவெளி. பயத்துல தானா விட்டது இல்ல.

37/
அக்கா அன்னைக்கு ராத்திரியே மாத்திரையைத் திரும்ப ஆரம்பிச்சுட்டாங்க. பரிசோதனையில இதுவரைக்கும் எதுவும் இல்ல. அந்த நாலு மாசத்துக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நான் சத்தியம் பண்ண முடியாது. அதையும் அவங்ககிட்ட மறைக்கல. "தெரிஞ்சிருந்தா விட்டிருக்க மாட்டேன்ல"ன்னு மட்டும் சொன்னாங்க. அது எனக்குச் சொன்னது.

38/
இப்ப டமாக்சிஃபென் எழுதும்போதெல்லாம் சீட்டுக்குப் பின்னாடி ஒரு வாய்க்காலும் வயலும் மடையும் வரைஞ்சு தர்றேன். சின்னமனூரோ உத்தமபாளையமோ கூடலூரோ, எந்த ஊர்க்காரங்களுக்கும் அரை நிமிஷத்துல புரியுது.

உங்க வீட்டுல, தெருவுல யாராவது இந்த மாத்திரையில இருந்தா, "தினமும் சாப்பிடுறீங்களா?"ன்னு ஒரு தடவை கேளுங்க. விட்டிருந்தா திட்டாதீங்க. ஏன் விட்டாங்கன்னு கேளுங்க. கூட்டிட்டு வாங்க.